காலும் ரகரமும்

தமிழில் உருவமா உள்ளடக்கமா என்ற சண்டை நடந்து ஓய்ந்து வெகு காலமாகிறது. 'எழுத்து' 1959-இல் தொடங்கியதிலிருந்து, 'கசடதபற' வந்த 1970-க்குப் பிறகும், இரண்டு தரப்பாரும் விட்டுக் கொடுக்காமல் எழுதினார்கள். உருவம் என்று அவர்கள் சொன்னது கவிதையின் உருவத்தை. வரி முறிகிற இடம், படிமம், தொனி, சொல்லாமல் விட்டது இவையெல்லாம். 'க' என்ற எழுத்துக்கே ஒரு உருவம் இருக்கிறது, அது எங்கோ ஒரு இடத்தில் யாரோ ஒருவர் வசத்தில் இருக்கிறது என்பது இலக்கியப் பிரச்னையாக யாருக்கும் படவில்லை. படாததற்குக் காரணம் உண்டு. ஈய எழுத்தின் காலத்தில் 'க' அச்சகத்தில் இருந்தது. கேஸில் அதற்கு ஒரு அறை. போய்ப் பார்க்கலாம், கையில் எடுக்கலாம். இன்று அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது சுலபமில்லை. ஒரு கவிஞரின் கடைசித் தொகுப்பைப் பதிப்பிக்கிற காரியமாக ஒன்றரை வருஷம் மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் தியாகராய நகருக்குமாக அலைந்ததில் எனக்கு இந்தக் கேள்வி மிகவும் நெருக்கமாகிவிட்டது.

அந்தக் கவிஞர் என் நண்பர். மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் முப்பது வருஷம் குடியிருந்தார். 2022-இல் காலமானார். முதல் தொகுப்பு 1994-இல் வந்து, வரவேண்டிய இரண்டு மதிப்புரைகள் வந்து, மறைந்தது. இரண்டாவது தொகுப்பு 43 கவிதைகள். 2001-இல் ஒரு டி.டி.பி. நிலையத்தில் அச்சுக்கோத்து, பிழை திருத்தி, பணமில்லாமல் நின்றுபோயிற்று. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கவிதை அச்செழுத்தில் வந்துவிட்டால் கைப்பிரதியைக் கிழித்துப் போட்டுவிடுவார். கட்டடம் எழும்பிய பிறகு சாரத்தைப் பிரித்துவிட வேண்டும் என்பது அவர் வாதம். ஆகவே அவர் மனைவியிடம் மிஞ்சியது ஒரு குறுந்தகடும், க்ரியா அகராதியின் பக்கங்களுக்கு நடுவே செருகியிருந்த ஒன்பது ப்ரூஃப் தாள்களும்தான்.

"எனக்கு இதை என்ன பண்றதுன்னு தெரியலை அண்ணா. நீங்க பாருங்கோ" என்று கொடுத்தார்.

லஸ் பக்கம் ஒரு கடையில் முதலில் போட்டுப் பார்த்தோம். இப்போதைய கம்ப்யூட்டர்களில் குறுந்தகடு போடும் வாயே கிடையாது. அந்தப் பெண் பக்கத்துக் கடையிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி வந்தாள்.

"ஸார், இதுல ஒண்ணுமே இல்ல ஸார்."

"இருக்கணுமேம்மா."

"எம்ப்டின்னு காட்டுது. நீங்களே பாருங்க. மாக்ல போட்டதா இருக்கும்."

அவள் சொன்னது சரி. மாக் கம்ப்யூட்டரில் எழுதிய தகடு சாதாரண விண்டோஸ் இயந்திரத்துக்குக் கண்ணில் படவில்லை. அடையாறில் விளம்பர வடிவமைப்புச் செய்யும் ஒருவரிடம் ஒரு பழைய மாக் இருந்தது. அதில் தகடு திறந்தது. கோப்பும் திறந்தது. ஆனால் கவிதைகளை உருவாக்கிய ஃபாண்ட் இந்த இயந்திரத்தில் இல்லை, வேறொன்றைப் பயன்படுத்தட்டுமா என்று ஒரு பெட்டி கேட்டது. வேறு வழியில்லாமல் ஆகட்டும் என்றோம். 43 கவிதைகளும் ஆங்கில எழுத்துகளாகவும், தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகவும், நாணயக் குறிகளாகவும் வந்து நின்றன. வரிகள் மட்டும் அவர் முறித்த இடத்தில் முறிந்திருந்தன. அர்த்தம் முழுவதும் போய் உருவம் மட்டும் மிஞ்சிய கவிதைகளை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். உருவவாதிகள் யாரும் இவ்வளவு தூரம் போனதில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போவதில் பிரயோஜனமில்லை. அந்தக் காலத்து ஃபாண்ட் ஒன்றில் 256 இடங்கள். முதல் 128 கட்டளைக் குறிகளுக்கும் ஆங்கிலத்துக்கும் என்று ஏற்பாடு. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கொடுக்க வழியில்லை. எனவே கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் ஆகியவற்றைத் தனி உருப்படிகளாக வைத்து, மீதி எழுத்துகளைக் கிடைத்த இடங்களில் அடைத்தார்கள். சிலர் ஆங்கிலத்தைத் துரத்திவிட்டு அந்த இடங்களிலேயே தமிழை உட்கார வைத்தார்கள். எந்த எழுத்துக்கு எந்த இடம் என்பதை ஒவ்வொரு ஃபாண்ட் தயாரிப்பாளரும் தன் சௌகரியப்படி தீர்மானித்தார். கோப்பில் இருந்தது 'க' அல்ல. ஒரு எண். அந்த எண்ணுக்கு 'க' என்ற படத்தைக் காட்டுவது ஃபாண்ட். ஃபாண்ட் போனால் 'க'வும் போயிற்று.

இதில் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1997-இல் அங்கே ஒரு மாநாட்டை முன்னின்று நடத்தினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 என்ற விசைப்பலகையையும் அங்கீகரித்தது. ஆனால் அதற்குள் நகரத்தில் கடைக்கு ஒரு ஃபாண்ட் வேரூன்றிவிட்டது. இன்னொரு பக்கம் யூனிகோட் 1991-இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் 2000 லதா என்ற எழுத்துருவோடு வந்தது. ஆனால் புத்தகம் அமைக்கிறவர்களுக்கு அதனால் உடனடி லாபம் ஒன்றுமில்லை. 1985-இல் பிறந்து எல்லா டி.டி.பி. நிலையங்களையும் ஆண்ட பேஜ்மேக்கர், 2001-இல் வந்த அதன் கடைசிப் பதிப்புவரை யூனிகோடை அறியாது. அதன் வாரிசான இன்டிசைனில் இந்திய மொழிகளை ஒழுங்காகக் கோக்கும் வசதி 2012-இல்தான் வந்தது. அதாவது யூனிகோட் தமிழுக்கு இடம் கொடுத்ததற்கும் அந்த மென்பொருள் அதை ஏற்றுக்கொண்டதற்கும் நடுவே 21 வருஷங்கள். அந்த 21 வருஷங்களில் எழுதப்பட்ட தமிழ் இலக்கியத்தில் பெரும்பகுதி என் நண்பரின் கவிதைகளைப் போல எண்களாகத்தான் எங்கோ கிடக்கிறது.

மூன்றாவதாகப் போனது பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடை. பழைய ஃபாண்ட் வேண்டுமானால் இப்படிப்பட்ட கடைகளில்தான் தேட வேண்டும். உரிமையாளரிடம் இருபது வருஷத்து இயந்திரம் ஒன்று இருந்தது. தமிழ் மென்பொருளுக்குச் சாவியாக ஒரு சிறிய லாக் பின்னால் செருகப்பட்டிருந்தது. அதைக் கழற்றினால் ஒரு எழுத்தும் வராது. அதை விற்ற நிறுவனம் இப்போது இல்லை. தொலைந்தால் வேறு கிடைக்காது.

"இந்த மிஷினுக்கு நெட்டே கிடையாது ஸார். நெட் குடுத்தா அப்டேட் கேக்கும். அப்டேட் ஆச்சுன்னா என் தொழில் போச்சு" என்றார்.

கவிதைகளை அதில் போட்டதும் தமிழ் வந்தது. ஆனால் விநோதமான தமிழ். பாதி எழுத்துகள் சரி, பாதி இடம் மாறியவை. மேல் பாதியின் 128 இடங்களை மாக் ஒரு வரிசையிலும் விண்டோஸ் இன்னொரு வரிசையிலும் அடுக்கியிருக்கின்றன. கோப்பு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது ஐரோப்பிய எழுத்துகள் தப்பிக்கட்டும் என்று இயந்திரம் எண்களை மாற்றிக் கொடுக்கிறது. அவற்றின் முகமூடியில் இருந்த தமிழ் எழுத்துகள் அதனால் இடம் பெயர்கின்றன. கடைக்காரர் அசரவில்லை. ஒன்பது ப்ரூஃப் தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது எதுவாக வந்திருக்கிறது என்று ஒரு மாதிரிப் பத்திரிகை அட்டையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டே வந்தார். 38 மாற்றங்கள். எகிப்தியக் கல்வெட்டைப் படிக்க ரோஸட்டாக் கல் உதவிய மாதிரி அந்தத் தாள்கள் உதவின. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தார். பணம் வாங்க மறுத்தார். கவிதைகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே ஒரு ஒப்பீடு செய்யத் தோன்றுகிறது. அந்தக் காலச் சிறு பத்திரிகைகள் ஜாப் அச்சகங்களில், கல்யாணப் பத்திரிகைகளுக்கும் ரசீதுப் புத்தகங்களுக்கும் நடுவில் அச்சாயின. கம்பாஸிட்டரிடம் கொம்பு தீர்ந்துவிட்டால், அச்சான ஃபாரத்தைக் கலைத்து எழுத்துகளைக் கேஸில் போட்ட பிறகுதான் அடுத்த பக்கம். ஒரு கவிதையின் 'கெ'யில் இருந்த கொம்பு மறுநாள் யாரோ ஒரு மணப்பெண்ணின் பெயரில் போய் உட்கார்ந்தது. அச்சுக்கோப்பு என்பது கலைப்பதற்காகவே செய்யப்பட்ட காரியம். ஆனால் அந்தக் கவிதைகள் இன்றும் இருக்கின்றன. பழுப்பேறிய தாளில், யாரும் எதையும் நிறுவாமல், படிக்கலாம். என் நண்பரின் தொகுப்பை யாரும் கலைக்கவில்லை. ஒரு புள்ளி நகராமல் இருபது வருஷம் முழுசாக இருந்தது. படிக்க மட்டும் முடியவில்லை.

எழுத்துரு கிடைக்காமல் திண்டாடுவது நமக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. இருக்கிற தாளில் புதிய ஏற்பாடு அடங்காது. ஆகவே பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்துகளை அங்கேயே வார்த்துக்கொண்டார்கள். 1715-இல் புத்தகம் முடிந்தது. அவர்களுக்கு இருந்த ஒரு சௌகரியம் நமக்கு இல்லை. உருக்குவதற்குக் கையில் ஒன்று இருந்தது.

மாற்றிய கோப்பை யூனிகோடுக்குக் கொண்டுபோவது ஒப்புநோக்க எளிது. அதற்கென்று சென்னையில் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகவே ஒரு மாற்றியைக் கொடுத்திருந்தது. பிறகு பக்கம் அமைக்க வேண்டும். என் அக்கா பையன் ஒரு புதிய மென்பொருளை நிறுவ முன்வந்தான்.

"மாமா, இது மாசா மாசம் பணம் கேக்கும்."

"புஸ்தகம் ஒண்ணுதானேடா."

"ஒண்ணோ நூறோ. பணம் கட்டறதை நிறுத்தினா அப்புறம் ஃபைலைத் திறக்க விடாது. அதோட உங்க கம்ப்யூட்டர் பழசு. முதல்ல அதை மாத்தணும்."

கடைசியில் இலவச மென்பொருள் ஒன்றுக்குப் போனோம். நிறுவியதும் முதல் பக்கத்தில் கொம்புகள் தத்தம் எழுத்தை விட்டுப் பிரிந்து, புள்ளிகளால் ஆன சிறு வட்டங்களைக் கட்டிக்கொண்டு நின்றன. அநாதையான உயிர்க்குறிக்கு இயந்திரம் கொடுக்கும் அடையாளம் அந்த வட்டம். யூனிகோடில் 'கொ' என்பது ககரமும் அதற்குப் பின்னால் ஒகரக் குறியும்தான். கொம்பை இடது பக்கமும் காலை வலது பக்கமும் கொண்டுபோய் வைப்பது கோக்கும் நிரலின் பொறுப்பு. அது இல்லாத பதிப்பில் இப்படித்தான் ஆகும். புதிய பதிப்பைப் போட்டதும் சரியாயிற்று. இந்த வேலையை உலகத்தில் பாதிக் கம்ப்யூட்டர்களிலும் கைபேசிகளிலும் செய்கிற நிரலின் பெயர் ஹார்ஃப்பஸ். பாரசீகத்தில் 'ஹர்ஃப்' என்றால் எழுத்து, 'பாஸ்' என்றால் திறந்தது. அதை முக்கியமாக உருவாக்கியவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத். மயிலாப்பூர்க் கவிஞர் ஒருவரின் கொம்பு ஒரு பாரசீகப் பெயரின் தயவில் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. இது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகு வந்தது.

மாற்றிய பிரதியில் 'மரம்' என்ற சொல் பல இடங்களில் 'மாம்' என்று இருந்தது. 'சரணம்' ஒரு இடத்தில் 'சாணம்' ஆகியிருந்தது. 2001-இல் தட்டச்சு செய்தவர் ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் பாராட்டவில்லை. அந்த ஃபாண்டில் இரண்டும் ஒரே கோடு, கீழே ரகரத்துக்குரிய சாய்வு இல்லை. தாளில் வித்தியாசம் தெரியாது என்பதால் கைக்கு எட்டியதை அடித்திருக்கிறார். ஓலைச்சுவடியிலும் இதே நிலைமைதான். காலும் ரகரமும் ஒன்று போல இருக்கும், மெய்க்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது. உ.வே. சாமிநாதையர் அந்தச் சுவடிகளில்தான் சங்க இலக்கியத்தைப் படித்தார். அவர் சேர்த்த சுவடிகள் 1943-இல் தொடங்கிய அவர் பெயர் கொண்ட நூல்நிலையத்தில், இன்று பெசன்ட் நகரில், இருக்கின்றன. 2001-இல் ஒரு கம்ப்யூட்டர் நம்மைத் திரும்ப ஓலைக்கு அனுப்பியிருக்கிறது.

'மாம்' என்று ஒரு சொல் அங்கே பொருந்தாது, ஆகவே மரம். 'சாணம்' வந்த இடம் கடவுளைப் பற்றியது, ஆகவே சரணம். இவற்றைத் திருத்துவதில் தயக்கமில்லை. ஆனால் முப்பத்தொன்றாவது கவிதை வேறு மாதிரி. கோடையில் வற்றிய தெப்பக்குளத்தின் படிகளில் ஒருவன் இறங்குகிறான். ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசிப் படியில் ஒன்று அவனுக்காகக் காத்திருப்பதாகக் கவிதை முடிகிறது. காத்திருப்பது நாகமா நரகமா என்பது தெரியவில்லை. கோப்பில் கால்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கோப்பில் கால் எதற்கும் சாட்சி இல்லை.

நாகம் என்று படித்தால் அது ஒரு படிமம். குளிர்ச்சி தேடி அடிப்படிக்கு வந்த பாம்பு. நரகம் என்று படித்தால் கவிதை ஒரு கருத்தில் போய் முடிகிறது. எனக்கு நாகம்தான் பிடிக்கிறது. நம் காலத்து ரஸனையும் அதன் பக்கம்தான் சாயும். ஆனால் நண்பர் கடைசி வருஷங்களில் படிமத்தை நகை என்று சொல்லி வெறுத்தவர். வேண்டுமென்றே தட்டையாக முடித்த கவிதைகள் இந்தத் தொகுப்பிலேயே நாலைந்து இருக்கின்றன. நரகம் அவர் எழுதக்கூடிய சொல்தான். ரஸனையை வைத்துத் தீர்மானித்தால் நான் அவருடைய கவிதையைத் திருத்தி என் கவிதையாக ஆக்குகிறேன் என்று அர்த்தம்.

அவர் மனைவியைக் கேட்டேன்.

"எனக்கு அவர் எதையும் வாசிச்சுக் காட்டினதே இல்லை அண்ணா" என்றார்.

அந்தக் கவிதை ஒன்பது ப்ரூஃப் தாள்களில் ஒன்றில் இருக்கிறது. அந்த வரிக்கு அவர் சிவப்பு மசியில் ஒரு திருத்தம் செய்திருக்கிறார். சொல்லை அடுத்து வந்த காற்புள்ளியை எடுக்கச் சொல்லிக் குறி. சொல்லைத் தொடவில்லை. தொடக் காரணமில்லை. அவர் எதை எழுதினாரோ அதைத்தான் அந்த உருவத்தில் பார்த்தார்.

இங்கேதான் பழைய சண்டை எனக்கு வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. ஈய எழுத்திலும் ஓலையிலும் பழைய ஃபாண்டிலும் பிரதி என்பது கண்ணுக்குத் தெரிகிற உருவம். என்ன எழுத்து என்று தீர்மானிப்பது வாசகன். யூனிகோடில் பிரதி என்பது இன்ன எழுத்து என்ற தீர்மானம். உருவம் பிறகு வந்து ஒட்டிக்கொள்வது, ஃபாண்டை மாற்றினால் மாறுவது. இந்த முறை நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதனால்தான் தேட முடிகிறது, இன்னொரு இயந்திரத்துக்கு அனுப்ப முடிகிறது, பார்வையில்லாதவருக்கு இயந்திரம் வாசித்துக் காட்ட முடிகிறது. ஆனால் இது தெரியாது என்ற பதிலை ஏற்காது. நா-வுக்கு அடுத்து ககரமா, ந-வுக்கு அடுத்து ரகரமா, சொல் என்று கேட்கும். இரண்டும் ஆகலாம் என்பதை எழுதி வைக்க அதில் இடம் கிடையாது.

ஆகவே இப்படிச் செய்கிறோம். 42 கவிதைகள் யூனிகோடில். முப்பத்தொன்றாவது கவிதைக்கு மட்டும் அந்த ப்ரூஃப் தாளைப் படமெடுத்து, காற்புள்ளி மேலிருக்கும் சிவப்புக் குறியோடு அப்படியே அச்சிடுகிறோம். அச்சகத்தில், ஒரு பக்கம் மட்டும் வித்தியாசமாகத் தெரியுமே என்றார்கள். தெரியட்டும். படத்தை இயந்திரத்தால் வாசிக்க முடியாது என்பதால், காதால் படிக்கிறவருக்கும் கவிதை போய்ச் சேரும்படி, எதிர்ப் பக்கத்தில் கடைசி வரியை இரண்டு பாடங்களாகவும் கொடுத்து ஒரு குறிப்பு வரும். அதில் எது முதலில் என்பதைக்கூட அகர வரிசைக்கே விட்டுவிட்டேன். நரகம் முன்னால் வருவது வெறும் வரிசைமுறை.

1990-க்கும் 2010-க்கும் நடுவே புத்தகம் போட்டவர்கள், போட நினைத்து நின்றுபோனவர்கள், அவர்களுடைய மனைவி மக்கள், இவர்களுக்கு ஒரு வார்த்தை. பரணில் தகடுகள் இருந்தால், திறக்கிற இயந்திரம் ஒன்று ஊரில் இருக்கும்போதே திறந்து பாருங்கள். ஃபாண்டின் பெயரையும், மாக்கா விண்டோஸா என்பதையும் உறையின் மேல் எழுதி வையுங்கள். முடிந்தால் எல்லாவற்றையும் ஒரு தடவை தாளில் எடுத்துவிடுங்கள். பாண்டி பஜார்க் கடைக்காரர் அடுத்த வருஷம் கடையை மகனிடம் ஒப்படைக்கப் போகிறார். அந்த இயந்திரத்தை எடைக்குப் போட்டுவிடுவதாக மகன் சொல்லியிருக்கிறான்.